போர்க்கப்பல் எஞ்சின் புகையைக் குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

போர்க்கப்பலின் புகையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேச்செடுத்தால், சிறிது நேரத்தில் எல்லோரும் புகைபோக்கியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். புகையைச் சுத்தம் செய்ய எந்தக் கம்பெனியின் வினையூக்கி, எவ்வளவு எடை, எத்தனை கோடி என்று விவாதம் ஓடும். என்னைக் கேட்டால், புகைபோக்கி கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். எஞ்சின்கள் எந்த லோடில் எத்தனை மணி நேரம் ஓடுகின்றன, என்ன நிலையில் ஓடுகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பணம் போகும், புகை போகாது.

டீசல் எஞ்சினில் ஓடும் போர்க்கப்பல், ரோந்துக் கப்பல், துணைக் கப்பல்களின் எஞ்சின் ரூமைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், ரீஃபிட் (கப்பலின் பெரிய பழுதுபார்ப்பு) திட்டம் போடுபவர்களுக்கும் இந்த வழிகாட்டி. கேஸ் டர்பைன் இடையில் கொஞ்சம் வரும்.

சட்டம் எங்கே நிற்கிறது

கப்பல் புகைக்கான சர்வதேச விதிகள், கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்பால் உடன்படிக்கையின் 6-வது இணைப்பில் இருக்கின்றன. 2005 மே 19 முதல் அமலில் உள்ள இந்த இணைப்பு வணிகக் கப்பல்களைப் படிப்படியாக இறுக்கியிருக்கிறது. எரிபொருளில் கந்தகம் 2012 முதல் 3.5 சதவீதத்துக்குள்ளும், 2020 ஜனவரி 1 முதல் 0.50 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பால்டிக், வட கடல், வட அமெரிக்கக் கரை போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2015 முதல் 0.10 சதவீதம்தான். 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடலும் அந்தப் பட்டியலில். நைட்ரஜன் ஆக்சைடுக்குத் தனியாக மூன்று நிலைகள் உண்டு. 1,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் எஞ்சினுக்கு இரண்டாம் நிலையில் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 9 கிராம் வரை அனுமதி. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மட்டும் பொருந்தும் மூன்றாம் நிலையில் அதுவே சுமார் 2.3 கிராம்.

போர்க்கப்பலுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மார்பாலின் 3-வது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: கப்பலின் செயல்பாட்டுத் திறன் கெடாமல், நியாயமாகவும் நடைமுறைக்கு ஒத்தும் வரும் அளவுக்கு, அரசுகள் தங்கள் போர்க்கப்பல்களையும் இந்த விதிகளுக்கு இசைவாக நடத்த வேண்டும். விலக்கு இருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டிருக்க அந்த வாசகம் இடம் தருவதில்லை.

சட்டத்தை விடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எஞ்சின் ரூம் ஆட்களும் ஹெலிகாப்டர் தளத்தில் நிற்பவர்களும்தான். அப்புறம், கரும்புகை கப்பலைக் காட்டிக்கொடுக்கும். 1914-ல் சென்னை மீது குண்டு வீசிய எம்டன், எதிரியை ஏமாற்றப் பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு திரிந்தது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் புகை குறைவாக வரும் வேல்ஸ் நிலக்கரிக்கு அலைந்ததும் இதே கவலையால்தான். அடிவானத்தில் புகை தெரிந்தால் கப்பல் தெரிந்த மாதிரி.

படி 1: எந்தப் புகையோடு சண்டை என்று முடிவு செய்யுங்கள்

"புகை" என்று ஒரே பேரில் சொன்னாலும், குழாயில் வருவது நாலைந்து விதம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு.

நைட்ரஜன் ஆக்சைடு சிலிண்டருக்குள் வெப்பம் மிகும்போது உண்டாகிறது. சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், காற்றில் சும்மா இருந்த நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். எரிபொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது வரும். கந்தக ஆக்சைடு அதற்கு நேர் எதிர்: எரிபொருளில் உள்ள கந்தகம் அப்படியே வெளியே வருகிறது, எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் அரைகுறை எரிப்பின் பிள்ளைகள். காற்று போதாமல் போனாலோ, சிலிண்டர் குளிர்ந்து கிடந்தாலோ பெருகும். கார்பன் டை ஆக்சைடு எரித்த டீசலின் கணக்கு: ஒரு டன்னுக்குச் சுமார் 3.2 டன்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. எரிப்பைச் சூடாக்கினால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். குளிரவைத்தால் தலைகீழ். ஒரே ஒரு எண்ணைத் துரத்தினால் இன்னொன்று பின்னால் வந்து கடிக்கும். அதனால் தொடங்கும்போதே எழுதி வையுங்கள்: துறைமுகத்தில் நிற்கும்போது தெரியும் கரும்புகையா, கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போகத் தேவையான நைட்ரஜன் ஆக்சைடு எல்லையா, இரண்டுமா?

படி 2: அளவெடுங்கள், லாக் புத்தகத்தையும் புரட்டுங்கள்

கையில் எடுத்துப் போகும் புகை அனலைசர் ஒன்று வேண்டும். ஆக்சிஜன், நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, கந்தக டை ஆக்சைடு ஆகியவற்றை டர்போவுக்கு (புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) பின்னால் உள்ள குழாயில் அளக்கலாம். கூடவே ஒவ்வொரு சிலிண்டரின் புகை வெப்பநிலை, உச்ச அழுத்தம், டர்போ வேகம், அது தள்ளும் சார்ஜ் காற்றின் அழுத்தமும் வெப்பமும். அன்றைய காற்றின் ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் நைட்ரஜன் ஆக்சைடு குறைவாகத்தான் காட்டும்; மழைக்கால அளவையும் கோடைக்கால அளவையும் திருத்தாமல் ஒப்பிட்டால், செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கிக்கொள்வீர்கள்.

கருவி இல்லையென்றால் கண்ணே கருவி. பிரெஞ்சுப் பேராசிரியர் ரிங்கெல்மன் 1888-ல் கொடுத்த, புகையின் கருமையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை இன்றும் செல்லும். 1-ம் எண் 20 சதவீதக் கருமை, 2-ம் எண் 40 சதவீதம், இப்படியே மேலே. பிரிட்ஜின் ஓரத்தில் நிற்கும் ஒருவர் எஞ்சின் கிளப்பும்போதும், வேகம் கூட்டும்போதும், நிலையாக ஓடும்போதும் எண்ணைக் குறித்தாலே பாதி வேலை முடிந்தது. நிறமும் பேசும். கறுப்பு என்றால் காற்றுக்கு மீறிய எரிபொருள், நீலம் என்றால் லூப் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர்.

இனி, யாரும் விரும்பிச் செய்யாத வேலை: கடந்த ஒரு வருட லாக் புத்தகங்களை எடுத்து, ஒவ்வொரு எஞ்சினும் எந்த லோடில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பட்டியல் போடுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், எஞ்சினுக்குச் சான்றிதழ் தரும் ஐ.எஸ்.ஓ. 8178 சோதனை முறையில், ப்ரொப்பெல்லரைச் சுற்றும் மெயின் எஞ்சினுக்கு 75 சதவீத லோடில் எடுத்த அளவுக்கே பாதி மதிப்பு. 100 சதவீதத்துக்கு 20, மீதி 50-க்கும் 25-க்கும் தலா 15. 25 சதவீதத்துக்குக் கீழே அந்தச் சோதனை எட்டிப் பார்ப்பதே இல்லை. சரக்குக் கப்பலுக்கு இது பொருந்தும். அது நாட்கணக்கில் ஒரே வேகத்தில் போகும். போர்க்கப்பல் அப்படியா? உச்ச வேகத்துக்காகப் பெரிய எஞ்சின், ஆனால் பெரும்பாலான நேரம் மெதுவான ரோந்து. சான்றிதழில் நல்ல எண் வாங்கிய எஞ்சின், உங்கள் கப்பலில் சான்றிதழ் பார்க்காத லோடிலேயே வாழ்நாளைக் கழிக்கக்கூடும். உங்கள் பட்டியல்தான் உங்கள் கப்பலின் உண்மையான சோதனை முறை. அளவுகளையும் அந்த லோடுகளில் எடுங்கள்.

படி 3: எஞ்சினை அதன் சொந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், இருக்கும் எஞ்சின் அதன் கையேட்டில் சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர். கழற்றிச் சோதனைப் பம்பில் மாட்டி, லிவரை மெதுவாக அழுத்துங்கள். குறித்த அழுத்தம் வரும் வரை நுனி உலர்ந்தே இருக்க வேண்டும். அழுத்தம் வந்ததும் கறகறவென்று சத்தத்தோடு, எல்லாத் துளையிலிருந்தும் ஒரே மாதிரிப் பனிப்படலம் போலத் தெறிக்க வேண்டும். ஒரு துளையில் மட்டும் கயிறு மாதிரி நேராகப் பாய்ந்தால் அந்தத் துளை தேய்ந்துவிட்டது அல்லது கரி அடைத்திருக்கிறது. தெறித்து முடிந்ததும் நுனியை விரலால் தொட வேண்டாம். வெள்ளைத் தாளைக் கீழே பிடியுங்கள். சொட்டு விழுந்தால் அந்த நாசில் (தெளிக்கும் நுனி) மூடவில்லை. கப்பலில் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சொட்டு எரிப்பு முடிந்த பிறகு சிலிண்டரில் விழுந்து, கரியாகி வெளியே போகும். புகை அனலைசரில் தெரிவதற்கு முன்னாலேயே இந்தத் தாளில் தெரிந்துவிடும்.

அடுத்தது காற்று. டர்போவின் கம்ப்ரெசர் பக்கம் எண்ணெய்ப் பசையும் உப்பும் படிந்திருந்தால் காற்று குறையும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் சார்ஜ் ஏர் கூலரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் கையேட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏறிக்கொண்டே போனால் காற்றுப் பக்கம் அடைப்பு. அழுத்தம் சரியாக இருந்தும் காற்று சூடாக வெளியே வந்தால் கடல்நீர்ப் பக்கம் அடைப்பு.

வெப்பமண்டலக் கடலில் இந்தக் கூலரின் மேல் தனிக் கண் வேண்டும். எஞ்சின் திறன் எண்கள் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 3046 சொல்லும் 25 டிகிரிக் காற்றில், 25 டிகிரிக் குளிர்நீரில் எடுத்தவை. இந்தியப் பெருங்கடலின் நீர் பல மாதங்கள் 28, 30 டிகிரியில் இருக்கும். கூலர் சற்று அழுக்கானாலும் சூடான, அடர்த்தி குறைந்த காற்று சிலிண்டருக்குப் போகும். சூட்டால் நைட்ரஜன் ஆக்சைடும், காற்றுக் குறைவால் கரியும் சேர்ந்தே ஏறும். முதலில் சொன்ன "ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும்" விதிக்கு இது விதிவிலக்கு. அதனால்தான் கூலரைச் சுத்தம் செய்வது இரட்டை லாபம். சூடான கடல் எவ்வளவு விளையாடும் என்பதற்குப் பிரிட்டிஷ் கடற்படையின் டைப் 45 டெஸ்ட்ராயர்களே சாட்சி. எரிபொருளை மிச்சப்படுத்த காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் புகைச் சூட்டைத் திரும்பப் பயன்படுத்தும் ரெகூபரேட்டரும் வைத்த டபிள்யூ.ஆர்.-21 கேஸ் டர்பைன்கள் சூடான கடல்களில் திணறி, கப்பலே இருண்டுபோன சம்பவங்கள் நடந்தன. கடைசியில் இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை எடுத்துவிட்டு, பெரியதாக மூன்று வைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, சிலிண்டர்களுக்கு இடையே சமநிலை. புகை வெப்பநிலை ஒன்றில் மட்டும் விலகி நின்றால், டீசல் அளவைத் தீர்மானிக்கும் ஃப்யூவல் ரேக்கைத் திருகி எண்ணை அழகாக்கிவிடாதீர்கள். அது தெர்மாமீட்டரைச் சரிசெய்வது மாதிரி. இன்ஜெக்டர், வால்வு இடைவெளி, உச்ச அழுத்தம் என்ற வரிசையில் காரணத்தைத் தேடுங்கள்.

படி 4: லோடைச் சரிசெய்யுங்கள்

போர்க்கப்பலில் அதிகப் பலன் தருவதும், அதிக எதிர்ப்பு வருவதும் இந்தப் படியில்தான்.

ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். 1,000 கிலோவாட் ஜெனரேட்டர்கள் உள்ள கப்பலில் தேவை 600 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நின்றுபோனாலும் விளக்கு அணையக் கூடாது என்று இரண்டை ஓட்டுவார்கள்; ஆளுக்கு 30 சதவீத லோடு. இந்த நிலையில் டர்போ போதிய காற்றைத் தள்ளாது, சிலிண்டர் போதிய சூடு ஏறாது, எரியாத டீசலும் எண்ணெயும் புகைக்குழாயில் பிசுபிசுப்பாகப் படியும். சிலிண்டரின் உட்குழாயான லைனரின் சுவர் பளபளத்து மெருகேறி, எண்ணெயைப் பிடித்து வைக்காமல் போகும். அதன்பின் எண்ணெய்ச் செலவு கூடும், நீலப்புகை நிரந்தரமாகும். ஒன்றை மட்டும் 60 சதவீதத்தில் ஓட்டினால் இதில் பெரும்பகுதி வராது.

போர் நிலையில், குறுகலான கால்வாயில், துறைமுகம் புகும்போது இரண்டு ஓடத்தான் வேண்டும். அதில் வாதமே இல்லை. கேள்வி மற்ற நேரங்களைப் பற்றியது. நங்கூரம் போட்டு நிற்கும் அமைதியான இரவிலும் அதே பழக்கம் தொடர்கிறதா? எந்த நிலையில் எத்தனை ஜெனரேட்டர் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கமாண்டிங் ஆபிசரிடம் கையெழுத்து வாங்கி, கன்ட்ரோல் ரூமில் ஒட்டுங்கள். பணம் இருந்தால் பேட்டரித் தொகுதி ஒன்று இந்தச் சிக்கலை நன்றாகவே தீர்க்கும். ஓடும் ஜெனரேட்டர் விழுந்தால், அடுத்தது கிளம்பி லோடு ஏற்கும் வரை பேட்டரி தாங்கினால் போதும்.

மெயின் எஞ்சினுக்கும் இதே கதை. வேகத்துக்கும் சக்திக்கும் உள்ள உறவு ஏறக்குறைய மூன்றாம் மடி. மணிக்கு 18 கடல் மைல் வேகத்திலிருந்து 15 கடல் மைலுக்கு இறங்கினால் தேவைப்படும் சக்தி சுமார் 58 சதவீதமாகிவிடும். நேரம் கூடினாலும் அதே தூரத்துக்கு எஞ்சின் எரிக்கும் டீசல் முப்பது சதவீதம் வரை மிச்சம். ஆனால் பொறி ஒன்று உண்டு. வேகத்தைக் குறைத்து எல்லா எஞ்சினையும் 20 சதவீத லோடில் முனகவிட்டால், மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியைக் கரியாகத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். வேகம் குறையும்போது எஞ்சின் எண்ணிக்கையும் குறைய வேண்டும். இந்தியக் கடற்படையின் கமோர்ட்டா வகைக் கப்பல்களில், ப்ரொப்பெல்லரைச் சுற்றும் இரண்டு ஷாஃப்டுக்கு நான்கு டீசல் எஞ்சின்கள். இப்படிப்பட்ட அமைப்பில் ஷாஃப்டுக்கு ஒன்று போதும், மற்றது ஓய்வெடுக்கலாம். ஷாஃப்டுக்கு ஒரே எஞ்சின் உள்ள கப்பலில் ஒரு ஷாஃப்டை நிறுத்திவிட்டு மற்றதில் போகலாம். கியர்பாக்ஸின் லூப்ரிகேஷனும் சுக்கானின் போக்கும் அதற்கு இடம் தருகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்த லோடு எப்படியும் வரும் என்று தெரிந்தே வடிவமைத்த எஞ்சின்களும் உண்டு. கமோர்ட்டாவிலும், இந்தியக் கடற்படையின் ஷிவாலிக் வகைக் கப்பல்களிலும் உள்ள பீல்ஸ்டிக் பி.ஏ.6 எஞ்சின்களின் பெயரோடு ஒட்டியிருக்கும் எஸ்.டி.சி. என்ற எழுத்துகள், டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வருவதைக் குறிக்கின்றன. குறைந்த லோடில் இரண்டில் ஒரு டர்போ மட்டும் சுழலும். இருக்கிற கொஞ்சப் புகையும் அதன் வழியாகவே போவதால் அது வேகமெடுத்து, காற்றைத் தாராளமாகத் தள்ளும். லோடு ஏறியதும் ஒரு ஃபிளாப் திறந்து இரண்டாவது டர்போ சேர்ந்துகொள்ளும். இந்த ஃபிளாப் கரி படிந்து இறுகிப்போனால் இத்தனை ஏற்பாடும் வீண். கிளப்பும் முன் அதை அசைத்துப் பார்ப்பதைச் சரிபார்ப்புப் பட்டியலில் சேருங்கள்.

கேஸ் டர்பைன் உள்ள கப்பலா? டர்பைன் கரும்புகை விடுவது அரிது, ஆனால் குறைந்த லோடில் எரிபொருளைக் குடிக்கும். ஷிவாலிக் மாதிரி, மெதுவான ஓட்டத்துக்கு டீசலும் வேகத்துக்கு டர்பைனும் உள்ள அமைப்பில், எந்த வேகத்தில் மாற வேண்டும் என்ற எண்ணை எரிபொருள் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

குறைந்த லோடில் நெடுநேரம் ஓடியே ஆக வேண்டியிருந்தால், எஞ்சின் கம்பெனி சொல்லும் இடைவெளியில் லோடை ஏற்றி, படிந்த கரியை எரித்துவிடுங்கள். ஜனங்கள் நிறைந்த கரைக்குப் பக்கத்தில் அல்ல, நடுக்கடலில். அப்புறம், ப்ரொப்பெல்லரிலும் கப்பல் அடியிலும் ஒட்டிய சிப்பியும் பாசியும் எஞ்சினுக்குக் கூடுதல் சுமைதான். துறைமுகத்தில் நெடுநாள் கட்டிக்கிடந்த கப்பலைப் புறப்படும் முன் டைவர்கள் சுத்தம் செய்வது மலிவான வழி.

படி 5: எரிபொருள்

கந்தகத்தின் கணக்கு எளிது. ஒரு டன் எரிபொருளில் 3.5 சதவீதக் கந்தகம் இருந்தால் 70 கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியே வரும். 0.5 சதவீதம் என்றால் 10 கிலோ, 0.1 சதவீதம் என்றால் 2 கிலோ. கடற்படைகள் பெரும்பாலும் கனரக எண்ணெயை விட்டு வடிகட்டிய டீசலுக்கு எப்போதோ வந்துவிட்டதால் பாதிப் போர் ஏற்கெனவே முடிந்தது. புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவி எடுக்கும் ஸ்க்ரப்பர் பற்றி இந்த வழிகாட்டியில் தனிப் படி இல்லாததற்கும் அதுதான் காரணம். போர்க்கப்பலுக்கு அந்த எடையும் உயரமும் அநாவசியம்.

"சாலை டீசலில்தான் கந்தகம் பத்து பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) வந்துவிட்டதே, அதையே போடலாமே" என்று யாராவது கேட்பார்கள். போடக் கூடாது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 டீசலின் ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் தீப்பற்று வெப்பநிலைக்குக் குறைந்தபட்ச எல்லை 35 டிகிரிதான். கப்பலுக்கு 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. குண்டு விழக்கூடிய கப்பலில் இந்த எண்ணில் சமரசம் கிடையாது. இந்தியக் கடற்படையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து 2020 ஜனவரியில் கொண்டுவந்த ஐ.என். 512 என்ற டீசல் இதற்காகவே: தீப்பற்று வெப்பநிலை உயர்ந்தது, சீட்டேன் (எஞ்சினில் எளிதில் பற்றும் தன்மை), கந்தகம், படிவு, சேமிப்பில் நிலைத்திருத்தல் உட்பட 22 சோதனைகளுக்கு உட்பட்டது.

கந்தகம் குறைந்த எரிபொருளுக்கு மாறும்போது லூப் ஆயிலையும் பாருங்கள். கந்தகத்தால் வரும் அமிலத்தை அடக்குவதற்காக அதிகக் காரம் உள்ள எண்ணெயைப் பழையபடி ஊற்றினால், அடக்க அமிலம் இல்லாமல் அந்தக் காரமே பிஸ்டன் தலையில் சாம்பலாகப் படியும். உராய்வுத் தடுப்புத் தன்மை குறைந்த டீசலில் ஃப்யூவல் பம்புகள் தேயும். சப்ளை சான்றிதழில் அந்த எண்ணையும் கேளுங்கள்.

உயிரி எரிபொருளில் இரண்டு வகை. கொழுப்பையும் எண்ணெயையும் ஹைட்ரஜனால் பதப்படுத்தி எடுப்பது டீசலைப் போலவே நடந்துகொள்ளும். அமெரிக்கக் கடற்படை 2016-ல் மாட்டுக்கொழுப்பிலிருந்து எடுத்ததை 10 சதவீதம் கலந்து, எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லாமல் கப்பல்களை ஓட்டியது. சாதாரண பயோடீசல் அப்படியல்ல. அது தண்ணீரை இழுக்கும், தொட்டியில் பூஞ்சை வளரும். அமெரிக்காவின் ஆர்லி பர்க் டெஸ்ட்ராயர்களைப் போல, எரிபொருள் குறையக் குறைய அதே தொட்டியில் கடல்நீர் நிரம்பும் கப்பல்களில் அதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

படி 6: எஞ்சினுக்குள் செய்யும் மாற்றங்கள்

இன்ஜெக்ஷனைச் சற்றுத் தாமதப்படுத்தினால் உச்ச வெப்பம் இறங்கி நைட்ரஜன் ஆக்சைடு குறையும். செலவே இல்லை, ஆனால் டீசல் கூடும், கரியும் கூடலாம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் அமைப்புக்கு மாற்ற எஞ்சின் கம்பெனி வழி வைத்திருந்தால், குறைந்த லோடிலும் உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்க முடியும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் புகைக்கு அதுதான் சிறந்த மருந்து. வால்வு மூடும் நேரத்தை மாற்றிச் சிலிண்டர் சூட்டைக் குறைக்கும் மில்லர் சுழற்சியும் இரண்டு கட்ட டர்போவும் புதுக் கப்பலுக்கானவை. பழைய எஞ்சினில் அவற்றுக்கு அலைய வேண்டாம். புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்துத் திரும்ப உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். நன்றாக வேலை செய்யும், ஆனால் கூலரும் குழாய்களும் கரியால் அடைபடும் தலைவலியைக் கூடவே கொண்டுவரும். ஓய்வில்லாமல் லோடு மாறும் கப்பலில் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எதை மாற்றினாலும், எஞ்சினின் நைட்ரஜன் ஆக்சைடு சான்றிதழ்க் கோப்பில் உள்ள பாகங்களின் எண்களும் செட்டிங்குகளும் அதோடு மாறுகின்றன. அந்தக் கோப்பைத் திருத்தாமல் விட்டால், அடுத்த ரீஃபிட்டில் யாரோ பழைய நாசிலை வாங்கி மாட்டிவிடுவார்கள்.

படி 7: இப்போது புகைபோக்கி

மேலே சொன்னதெல்லாம் முடிந்தும் மூன்றாம் நிலை எல்லைக்குள் வர வேண்டும் என்றால், யூரியா தெளிக்கும் வினையூக்கி அமைப்பு, அதாவது எஸ்.சி.ஆர். வேண்டும். சூடான புகையில் யூரியா கரைசலைத் தெளித்தால் அது அமோனியாவாகும். வினையூக்கியின் மேல் அமோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறும். பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலான எச்.எம்.எஸ். டாமர் 2020-ல் இந்த அமைப்போடுதான் வந்தது.

யூரியா எவ்வளவு வேண்டும் என்பதை விற்பவர் சொல்வதற்கு முன் நீங்களே போட்டுப் பாருங்கள். 1,000 ஆர்.பி.எம். எஞ்சினை 9 கிராமிலிருந்து 2.3 கிராமுக்குக் கொண்டுவர, கிலோவாட் மணிக்கு 6.7 கிராமை அழிக்க வேண்டும். ஒரு கிராமுக்குச் சுமார் 0.65 கிராம் யூரியா, ஆக 4.4 கிராம். கப்பலில் பயன்படுத்துவது 40 சதவீதக் கரைசல் என்பதால் 11 கிராம் கரைசல். எஞ்சின் 4,000 கிலோவாட்டில் ஓடினால் மணிக்கு 44 கிலோ, லிட்டரில் சுமார் 40. ஒரு நாள் முழுக்க அதே லோடில் போனால் 950 லிட்டர். இரண்டு எஞ்சின் என்றால் இரண்டு மடங்கு. எரிபொருளில் ஐந்து, ஆறு சதவீதம் எடைக்கு இன்னொரு திரவத்தைச் சுமக்க வேண்டும். அந்தத் தொட்டிக்கு இடம் எங்கே, நடுக்கடலில் யார் நிரப்புவார்கள் என்பதற்குப் பதில் இல்லாமல் டெண்டர் போடாதீர்கள். லாரிக்கு விற்கும் 32.5 சதவீதக் கரைசலை அவசரத்துக்கு ஊற்ற முடியுமா, தெளிப்பு அளவை அதற்கேற்ப மாற்ற வழி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தைவிடப் பெரிய பிரச்சினை வெப்பம். கந்தகம் உள்ள எரிபொருளில் புகை சுமார் 300 டிகிரிக்குக் கீழே இறங்கினால், அமோனியாவும் கந்தகமும் சேர்ந்து பசை போன்ற உப்பாகி வினையூக்கியின் துளைகளை அடைத்துவிடும். அதனால் கன்ட்ரோலரே யூரியாவை நிறுத்திவிடும். குறைந்த லோடில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஜனங்கள் அருகே இருக்கும் நேரத்தில் புகை குளிர்ந்து, கோடிகள் கொட்டி வைத்த கருவி சும்மா உட்கார்ந்திருக்கும். 4-வது படியைத் தாண்டிவிட்டு இங்கே வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். லோடை ஒழுங்குபடுத்தினால் புகைச் சூடு தானாக ஏறும். கந்தகம் அறவே குறைந்த எரிபொருள் கிடைத்தால் 250 டிகிரி பக்கம் வரை தெளிக்க முடியும்.

போர்க்கப்பலுக்கே உரிய சில கேள்விகளையும் வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டும். வினையூக்கிப் பெட்டி கப்பலின் உயரத்தில் உட்காருவதால் கப்பல் கவிழாமல் நிற்பதற்கான ஸ்டெபிலிட்டிக் கணக்கை மறுபடி போட்டார்களா? எஞ்சின் தாங்கும் பேக் பிரஷருக்குள் (புகைக்குழாயின் எதிர் அழுத்தம்) சைலன்சரும் பெட்டியும் சேர்ந்து அடங்குமா? இரண்டையும் ஒன்றாக்கிய பெட்டி இருந்தால் இடமும் மிச்சம், எடையும் மிச்சம். பக்கத்தில் குண்டு வெடிக்கும் அதிர்ச்சியில் வினையூக்கியின் பீங்கான் கட்டிகள் நொறுங்காமல் இருக்குமா? அகச்சிவப்புக் கண்ணில் படாமலிருக்கப் புகையைக் குளிர்விக்கும் அமைப்பு இருந்தால், அது வினையூக்கிக்குப் பின்னால்தான் வர வேண்டும்; முன்னால் வந்தால் சூடு கிடைக்காமல் வினையூக்கி பட்டினி. சென்சார் பழுதானாலோ யூரியா தீர்ந்தாலோ எஞ்சின் சக்தியைத் தானாகக் குறைக்கும் மென்பொருள் உள்ளே இருக்கிறதா? இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சண்டையின் நடுவே எஞ்சினை முடக்கும் உரிமை ஒரு சென்சாருக்கு இருக்கக் கூடாது.

கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டரைச் சிறிய ஜெனரேட்டர்களில் மட்டும் யோசிக்கலாம். கந்தகம் அறவே குறைந்த டீசல் இல்லாவிட்டால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

படி 8: துறைமுகத்தில் எஞ்சினை நிறுத்துங்கள்

ஓடாத ஜெனரேட்டர் புகைவிடாது. கரை மின்சாரம் இருந்தும் ஜெனரேட்டர் ஓடுவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: கரையில் போதிய கிலோவாட் இல்லை, கப்பல் 60 ஹெர்ட்ஸ் கேட்க கரை 50 ஹெர்ட்ஸ் கொடுக்கிறது, கேபிள் பெட்டி கெட்டுக் கிடக்கிறது. முதலிரண்டுக்கும் டாக்யார்டில் அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) மாற்றியோடு புது இணைப்பு வேண்டும், அது பட்ஜெட் விஷயம். மூன்றாவது உங்கள் கையில். பின்களைச் சுத்தம் செய்து, இன்சுலேஷனை அளந்து, பிரேக்கரை மூடும் முன் ஃபேஸ் வரிசையைச் சோதியுங்கள். வரிசை மாறினால் பம்புகள் எல்லாம் திருப்பிச் சுற்றும். கரை மின்சாரமும் எங்கோ நிலக்கரியில் வருவதுதானே என்று சிலர் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்தப் புகைபோக்கி துறைமுகத்தில் வேலை செய்பவரின் முகத்துக்கு நேரே இல்லை. ஏ.சி., சமையலறை, விளக்கு என்று நிற்கும்போது தின்னும் லோடைக் குறைத்தால், இருக்கிற கரை இணைப்பே போதுமானதாக ஆகிவிடுவதும் உண்டு.

படி 9: மறுபடியும் அளவெடுங்கள்

ரீஃபிட் முடிந்து கடல் சோதனைக்குப் போகும்போது, 2-வது படியில் அளந்த அதே லோடுகளில், அதே குழாய்த் துளையில், அதே கருவியால் அளவெடுங்கள். ஒப்பந்தக்காரர் 75 சதவீத லோடில் மட்டும் அளந்து காட்டிக் கையெழுத்து கேட்பார். உங்கள் பட்டியலில் கப்பல் நெடுநேரம் ஓடும் லோடு 25 என்றால், 25-ல் ஒரு மணி நேரம் நிலையாக ஓட்டச் சொல்லுங்கள். புகை வெப்பம் இறங்கி நிலைக்கட்டும், யூரியா தெளிப்பு அப்போதும் நடக்கிறதா, வெளியே நழுவும் அமோனியா ஒப்பந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்கள் வரும் வரை ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.